பழைய ரீவி கேம் பெட்டியைப் புது ரீவியிலை ஓட்டுறது எப்பிடி? (கசெற், துவக்கு, படத்தோடை தொடர்பான கேம்கள் பற்றியும்)

பாசையூர்க்காத்து எழுதியது:

எங்கடை சனசமூக நிலையத்தின்ரை ஆண்டு விழாவிலை பழைய ரீவி கேமுக்கு ஒரு மேசை போடப்போறம். காலமை 10 மணியிலையிருந்து பின்னேரம் 4 மணிவரை பெடியள் மாறி மாறி விளையாடுவினம். ஏ9 பாதை 2002இலை திறந்த கையோடை இஞ்சை வந்த பெட்டி ஒண்டு கைக்குக் கிடைச்சிருக்கு. மேலை கசெற் குத்துற வகை, 60 பின். ரெண்டு ஜோய்ஸ்ரிக், ஒரு துவக்கு, "9999 இன் 1" எண்டு ஒட்டின மஞ்சள் கசெற் எல்லாம் இருக்கு. அடப்ரர் மட்டும் இல்லை. அடியிலை 9 வோல்ற் எண்டு போட்டிருக்கு, வேறை ஒண்டும் வாசிக்கேலாது.

ரீவி புதுசு, 32 அங்குலம். பின்னாலை ரெண்டு எச்டிஎம்ஐ, "ஏவி இன்" எண்டு ஒரு சின்ன ஓட்டை. பழைய பெட்டி ரீவி (பின்பக்கம் பருத்த கண்ணாடிக் குழல் ரீவி) ஒண்டும் நிலையத்திலை கிடக்கு.

வேறை ஒராளின்ரை அடப்ரரைக் கொஞ்ச நேரம் கொழுவிப் பார்த்ததிலை கண்ட குறையள்: பத்துத்தரம் குத்தினால் ஒருக்கால்தான் கேம் வருது, மற்ற நேரம் வெறும் சாம்பல் நிறம். ஒரு ஜோய்ஸ்ரிக்கிலை வலப்பக்கம் மட்டும் வேலை செய்யேல்லை. தாரா சுடுற கேமிலை, புது ரீவி எண்டால் துவக்கு ஒரு தாராவையும் சுடேல்லை.

இன்னொண்டும் கேக்கோணும். மேசைக்குப் பக்கத்திலை படம், கார்ட்டூன் எல்லாத்தோடையும் இந்தக் கேமுகளுக்கு இருக்கிற தொடர்பை எழுதி அட்டை வைக்க விருப்பம். அந்தக் குங்ஃபூ கேமிலை வாறது புரூஸ் லீயா, ஜாக்கி சானா? பெட்டி தூக்கி எறியிற ரெண்டு அணில்களும் (சிப் அன் டேல்), ஊண்டுகோலிலை துள்ளுற வாத்து மாமாவும் (டக் டேல்ஸ்) இந்த 9999க்குள்ளை ஏன் இல்லை?

செப்புக்கம்பி எழுதியது:

முதல் அலுவல் கரண்ட். கண்ட அடப்ரரையும் இனிக் கொழுவாதேங்கோ. நின்டெண்டோ ஜப்பானிலை விட்ட அசல் ஃபமிகொம் பெட்டிக்கு நடுப்பின் மைனஸ், ஆனால் அதைப் பார்த்துச் செய்த பெட்டியளிலை ரெண்டு விதமும் இருக்கு. மாறிக் குடுத்தால் தடுக்கிறதுக்கு டயோட் இல்லாத போட்டும் இருக்கு.

கண்டுபிடிக்கிற வழி இதுதான். பெட்டியின்ரை அடிப்பக்க ஆணியளைக் கழட்டுங்கோ. உள்ளுக்கை மூண்டு கால் உள்ள, வோல்ற்றை 5க்குக் குறைக்கிற 7805 எண்ட ரெகுலேற்றர் இருக்கும், பெரும்பாலும் ஒரு அலுமினியத் தகட்டோடை. அதின்ரை நடுக்கால் மைனஸ். மல்ரிமீற்றரைச் சத்தம் போடுற நிலையிலை வைச்சு, ஒரு முனையை அந்த நடுக்காலிலையும் மற்ற முனையை அடப்ரர் ஓட்டையின்ரை நடுப்பின்னிலையும் பிறகு ஓரத்தகட்டிலையும் தொடுங்கோ. எது சத்தம் போடுதோ அது மைனஸ். ரெண்டும் போடாட்டில் உள்ளுக்கை நாலு டயோட் பிறிட்ஜ் இருக்கு, எந்தப்பக்கம் குடுத்தாலும் பிழையில்லை.

அடப்ரர் 9 வோல்ற், 1 அம்பியர் காணும். 12 வோல்ற் போடவேண்டாம். 7805 கூடின வோல்ற்றை எல்லாம் சூடாக்கித்தான் விடும். பெட்டி 400 மில்லி அம்பியர் இழுத்தால், 9 வோல்ற்றிலை 1.6 வோட் சூடு, 12 வோல்ற்றிலை 2.8 வோட். ஆறு மணித்தியாலம் எங்கடை புழுக்கத்துக்கை ஓடேக்கை அந்த வித்தியாசம்தான் கேம் இடையிலை உறையிறதுக்குக் காரணமாகும். பழைய இரும்புக் கட்டை அடப்ரரிலை "9" எண்டு போட்டிருந்தாலும் பாரமில்லாமல் அளந்தால் 12, 13 காட்டும். அதைவிட ரெகுலேற்றர் உள்ள பாரமில்லாத புது வகை நல்லது.

ஃபோன் சார்ஜரின்ரை 5 வோல்ற்றை அந்த 9 வோல்ற் ஓட்டைக்குள்ளை குடுக்கிறதும் பிழை. 7805க்கு உள்ளுக்கை வாறது வெளியிலை போறதைவிட 2 வோல்ற் எண்டாலும் கூட இருக்கோணும். அப்பிடிக் குடுத்தால் சிப்புக்கு மூண்டு சொச்சம்தான் போய்ச் சேரும். சோல்டர் பிடிக்கத் தெரிஞ்ச ஒராள் இருந்தால் 7805ஐக் கழட்டிப்போட்டு, வெளியீட்டுக் கால் இருந்த இடத்திலை நேரா 5 வோல்ற் குடுக்கலாம். சூடே வராது. விழாவுக்கு நான் சொல்லுறது இதைத்தான்.

சாம்பல் திரை வாறது கறளாலை. பாசையூர்ப் பக்கத்து உப்புக்காத்து கசெற் பின்னிலை மெல்லிய படையாப் பிடிக்கும். கசெற்றுக்குள்ளை வாயாலை ஊதக்கூடாது, எச்சில் ஈரம் கறளைக் கூட்டும். ஊதினாப் பிறகு வேலை செய்யிற மாதிரித் தெரியிறது, கழட்டித் திருப்பிக் குத்தினதாலை பின் உரஞ்சுப்பட்டதுதான்.

வெள்ளை அழிறப்பராலை பின்னை நீளவாக்கிலை மெதுவா உரஞ்சுங்கோ. பிறகு ஐசோபுரோப்பைல் அற்ககோலை பஞ்சுக் குச்சியிலை தொட்டு, குச்சி கறுக்காமல் வருமட்டும் துடையுங்கோ. ஃபோன் திருத்துற கடையளிலை 99 வீதம் உள்ளது இருக்கும். பார்மசியிலை விக்கிற சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டாம், சிலதிலை ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கு, படை விட்டுடும். மண்கடதாசியைத் தொடவே கூடாது, பூச்சுப் போனால் அடியிலை செம்புதான், அது இன்னும் கெதியாக் கறள் பிடிக்கும்.

கசெற்றை மட்டும் துடைச்சால் பாதி வேலைதான். பெட்டியின்ரை வாயையும் துடைக்கோணும். காலாவதியான வங்கி அட்டையிலை மெல்லிய பருத்தித் துணியை ஒரு சுத்துச் சுத்தி, அற்ககோலிலை நனைச்சு, பத்துத்தரம் குத்தி எடுங்கோ. தடிப்பாச் சுத்தினால் உள்பின் விரிஞ்சு பிறகு கசெற் ஆடும். பதினைஞ்சு நிமிசம் காயவிட்டுப் போட்டுத்தான் கரண்ட்.

ஜோய்ஸ்ரிக்கிலை ஒரு திசை மட்டும் போச்செண்டால் வயர் பிழையில்லை. எல்லாப் பட்டனும் ஒரே தரவு வயராலை வரிசையாத்தான் போகுது, வயர் அறுந்தால் எல்லாமே செத்திருக்கும். பின்னாலை கழட்டி, ரப்பருக்குக் கீழை இருக்கிற கறுப்புக் கரிப்பொட்டையும் போட்டிலை உள்ள பொட்டையும் அற்ககோலாலை துடையுங்கோ. கரி தேஞ்சிருந்தால் பழுதான ரிமோட் ஒண்டிலையிருந்து வெட்டி ஒட்டலாம். 2பி பென்சிலாலை தீட்டுறது ஒரு நாளைக்குக் காணும், அதுக்கு மேலை நிக்காது.

பெட்டி_ரீவி எழுதியது:

செப்புக்கம்பி சொன்னதோடை ரீவிப் பக்கத்தையும் சேர்க்கிறன்.

அந்தச் சின்ன "ஏவி இன்" ஓட்டைக்கு ரீவியோடை வந்த வயரையே தேடிப் பிடியுங்கோ. பழைய கமராவோடை வந்த வயர் பார்வைக்கு அச்சொட்டா அப்பிடியே இருக்கும், ஆனால் நாலு வளையத்திலை படம் எதிலை, சத்தம் எதிலை, மைனஸ் எதிலை எண்டது கொம்பனிக்குக் கொம்பனி வேறை. வயரின்ரை மஞ்சள் முனையிலை படம் வராமல் ஸ்பீக்கரிலை கரகரப்புக் கேட்டால், படச் சிக்னல் சத்த வயருக்குள்ளை போகுது எண்டு அர்த்தம். பெட்டியின்ரை மஞ்சளைக் கழட்டி, வயரின்ரை வெள்ளையிலையும் சிவப்பிலையும் மாத்திப் பாருங்கோ. மைனஸ் இடம் மாறியிருந்தால் அதுவும் உதவாது, சரியான வயர்தான் வேணும். பச்சை, நீலம், சிவப்பு ஓட்டை உள்ள ரீவி எண்டால் பலதிலை பச்சைதான் மஞ்சளுக்கும் இடம்.

எச்டிஎம்ஐ மாத்துற சின்னப் பெட்டி வாங்கப்போனால் "ஏவியிலையிருந்து எச்டிஎம்ஐ" எண்டு கேட்டு வாங்குங்கோ. மற்றப்பக்கமா மாத்துறதும் அதே உருவம், அதே விலை மட்டம், கன பேர் மாறி வாங்கிப்போட்டு நிக்கினம். அதுக்கும் தனியா 5 வோல்ற் குடுக்கோணும்.

படம் வந்தாப்பிறகு ரெண்டு விசயம் பாருங்கோ. ரீவி மெனுவிலை "கேம் மோட்" போடுங்கோ, இல்லாட்டில் பட்டன் அமத்திக் கொஞ்சம் செண்டுதான் மாரியோ துள்ளுவார், பெடியள் குழியிலை விழுந்து கொண்டேயிருப்பினம். படத்தின்ரை அகலத்தை 4:3க்கு மாத்துங்கோ. இந்தப் பெட்டி குடுக்கிற படம் 240 வரி, ஒண்டுவிட்டொண்டு கீறாத வகை. சில புது ரீவி அதைச் சாதாரண ஒளிபரப்பு எண்டு நினைச்சு ரெண்டு படத்தைச் சேர்த்துக் கலக்கும். அப்ப, அடி வாங்கினாப் பிறகு மினுங்க வேண்டிய ஆள் முழுசா மறைஞ்சிடுவார். அது கசெற் பழுதில்லை.

துவக்கு புது ரீவியிலை எந்த செற்றிங் மாத்தினாலும் வேலை செய்யாது. விசையை அமத்தினவுடனை கேம் திரையை ஒரு கணம் முழுக் கறுப்பாக்கி, அடுத்த கணம் தாரா நிண்ட இடத்திலை மட்டும் வெள்ளைச் சதுரம் போடும். துவக்கின்ரை குழலுக்குள்ளை இருக்கிற ஒளி உணரி முதல்லை இருட்டு, பிறகு வெளிச்சம் எண்டு கண்டால் சூடு பட்டதாக் கணக்கு. பெட்டி ரீவியிலை கதிர் செக்கனுக்கு 15,625 வரி கீறுது, அசல் துவக்கின்ரை சுற்று அந்தத் துடிப்பைத்தான் தேடும். அதாலைதான் மின்குமிழுக்கு நேரே பிடிச்சு ஏமாத்தேலாது. புது ரீவியிலை அப்பிடிக் கதிரே இல்லை, படமும் பிந்தித்தான் வரும். அதாலை தாராக் கேமுக்கு அந்தப் பழைய பெட்டி ரீவியை மேசையிலை வையுங்கோ. வெளிச்சத்தையும் கொன்ட்ராஸ்டையும் கூட்டி, ஒரு மீற்றர், ஒண்டரை மீற்றர் தூரத்திலை நிண்டு சுடச் சொல்லுங்கோ. குழல் வாயிலை உள்ள கண்ணாடியைத் துடையுங்கோ. 100 ஹேர்ட்ஸ் எண்டு எழுதின பெட்டி ரீவியிலையும் சரிவராது.

பெட்டி ரீவியின்ரை பின்மூடியை மட்டும் ஒருத்தரும் கழட்டவேண்டாம். கரண்ட் நிப்பாட்டினாப் பிறகும் உள்ளுக்கை ஆயிரக்கணக்கான வோல்ற் நிக்கும்.

தாராக் கேமிலை ஒரு தாரா வாற முதல் விளையாட்டைத் தெரிவு செய்தால், மற்றாள் ஜோய்ஸ்ரிக்காலை அந்தத் தாராவைத் திருப்பலாம். வரிசையிலை நிக்கிற பெடியளுக்கும் வேலை கிடைக்கும்.

கருவேப்பிலை எழுதியது:

அட்டைக்கு நான் உதவி செய்யிறன். இந்தக் கேமுகளிலை படத்தொடர்பு எண்டு தேடிப்போனால் உரிமை வாங்கிச் செய்ததை விட, உரிமை கிடைக்காமல் போனதாலை பிறந்ததுதான் சுவையானது. அட்டையை அந்த ஒழுங்கிலை எழுதுங்கோ எண்டு கேக்கிறன்.

முதல் அட்டை மாரியோ. நின்டெண்டோ 1981இலை பப்பாய் கார்ட்டூனை வைச்சு ஒரு கேம் செய்யப் பார்த்தது, உரிமை கிடைக்கேல்லை. பப்பாயின்ரை இடத்துக்கு ஒரு தச்சன், முரடன் புளூட்டோவின்ரை இடத்துக்கு ஒரு குரங்கு, ஒலிவின்ரை இடத்துக்கு ஒரு பெண் எண்டு மாத்தி டொங்கி கொங் வந்தது. அந்தத் தச்சன்தான் பிறகு மாரியோ. அடுத்த வருசம், 1982இலை, பப்பாய் உரிமையும் கிடைச்சு அந்தக் கேமும் வந்தது. 1983 ஜூலை 15 ஃபமிகொம் விற்பனைக்கு வந்த அண்டு அதோடை வந்த மூண்டு கசெற்றிலை டொங்கி கொங்கும் பப்பாயும் இருந்தது. உங்கடை கசெற்றின்ரை பட்டியலிலை ரெண்டும் இருந்தால், அடுத்தடுத்து விளையாடக் குடுங்கோ. ஏணி, தட்டு, மேலையிருந்து விழுகிற சாமான், எல்லாம் ஒரே குடும்பம் எண்டு பெடியளுக்கே விளங்கும்.

குரங்கு பேரிலை வழக்கும் வந்தது. கிங் கொங் தங்கடை எண்டு சொல்லி யூனிவர்சல் நிறுவனம் 1982இலை வழக்குப் போட்டது. ஆனால் அந்தக் கதை ஒருத்தருக்கும் சொந்தமில்லாத பொதுச்சொத்து எண்டு அதே நிறுவனம் முந்தி இன்னொரு வழக்கிலை தானே வாதாடியிருந்தது. நின்டெண்டோ வெண்டது. அதுக்கு வாதாடின சட்டத்தரணி ஜோன் கேர்பி, பிறகு வந்த கேர்பி கேமின்ரை பேரிலை அவரின்ரை நினைவும் இருக்கு எண்டு சொல்லுவினம்.

குங்ஃபூவுக்கு ஜாக்கி சான் எண்டு எழுதுங்கோ. ஜாக்கி சான் 1984இலை நடிச்ச படமொண்டுக்கு ஜப்பானிலை "ஸ்பாட்டன் எக்ஸ்" எண்டு பேர். ஐரெம் எண்ட கேம் கொம்பனி அதே பேரிலை அந்தக் கேமைச் செய்தது, 1985இலை ஃபமிகொமுக்கு வந்தது. நாயகன் தோமஸ், காப்பாத்த வேண்டிய பெண் சில்வியா, ரெண்டு பேரும் படத்திலை வாற பேர். கதை படத்தின்ரை கதையே இல்லை. மாடிக்கு மாடி ஒரு பெரிய எதிரி நிக்கிற அமைப்பு, புரூஸ் லீயின்ரை கடைசிப் படத்திலை வாற கோபுரத்தைத்தான் ஞாபகப்படுத்துது. அதாலைதான் சனம் ரெண்டு பேரையும் குழப்பிக்கொள்ளுது. ஜப்பானுக்கு வெளியிலை படத்தின்ரை பேரை எடுத்துப்போட்டு வெறும் குங்ஃபூ எண்டு வித்தவை. இதைச் செய்த தகாஷி நிஷியாமாதான் 1987இலை முதல் ஸ்ட்ரீற் ஃபைற்றரையும் செய்தவர்.

கோடாலி எறிஞ்சு பழம் பொறுக்கிற, பனையோலைப் பாவாடை கட்டின தொப்பிக்காரன் உங்கடை கசெற்றிலை இருப்பார். அவருக்கும் அட்டை வையுங்கோ. "வொண்டர் போய்" எண்ட கேமின்ரை ஆட்டத்தை ஹட்சன் எண்ட கொம்பனி எடுத்தது, நாயகனின்ரை உரிமை மட்டும் கிடைக்கேல்லை. அந்த இடத்திலை தங்கடை விளம்பர முகமா இருந்த தகஹாஷி எண்ட நிசமான ஆளைப் போட்டு 1986இலை விட்டது. செக்கனுக்கு 16 தரம் பட்டன் அமத்துறதுக்குப் பேர்போன மனிசன் அவர்.

அணிலும் வாத்தும் உரிமை வாங்கி ஒழுங்காச் செய்த கேமுகள். ரெண்டையும் செய்தது கப்கொம் எண்ட கொம்பனி, வாத்து 1989, அணில் 1990. அதுகள் 9999க்குள்ளை வராததுக்குக் காரணம் இடம். கூடுதல் சிப் இல்லாமல் இந்தப் பெட்டியாலை ஒரு நேரத்திலை 32 கிலோபைற் நிரலும் 8 கிலோபைற் படமும்தான் பார்க்கேலும், மொத்தம் 40. முதல் சூப்பர் மாரியோ சரியா அந்த 40க்குள்ளை அடங்கும். மலிவான கசெற் 40, 40 ஆ மாத்திக் காட்டுற சுற்றோடைதான் வரும். 9999 எண்டது சில கேமுகளையே வேறை வேறை மட்டத்திலை தொடங்கவிட்டு வேறை வேறை பேர் போட்டது. வாத்துக் கேம் 128 கிலோபைற், அணில் 256, ரெண்டுக்கும் பகுதி பகுதியா மாத்துற சிப் வேணும். அதாலை தனிக் கசெற்றிலை அல்லது "4 இன் 1" மாதிரிச் சின்ன எண்ணிக்கை உள்ளதிலைதான் தேடோணும். கொம்பியூட்டர் வைக்கிறியள் எண்டால், கப்கொம் 2017இலை ரெண்டையும் சேர்த்து டிஸ்னி ஆஃப்டர்நூன் கலெக்‌ஷன் எண்டு முறைப்படி விட்டிருக்கு, ஸ்டீம் எண்ட இணையக் கடையிலை வாங்கலாம்.

பாசையூர்க்காத்து எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. துடைச்சாப் பிறகு முதல் குத்திலையே கேம் வருது. ஜோய்ஸ்ரிக்கும் சரி, கரிப்பொட்டிலை எண்ணெய்ப்படை இருந்திருக்கு. நடுப்பின் மைனஸ்தான், 7805இன்ரை வெளியீடு 5.02 காட்டுது. தாராக் கேம் பெட்டி ரீவியிலை வடிவா வேலை செய்யுது.

மிச்சம் மூண்டு. எச்டிஎம்ஐ மாத்துற பெட்டியாலை பார்த்தால் படம் கறுப்புவெள்ளை. ரெண்டாவது, லப்ரொப்பிலை எமுலேற்றர் (பழைய பெட்டி மாதிரிக் கேமை ஓட்டுற மென்பொருள்) போட்டுப் பார்த்தம், அதிலை மாரியோ பாட்டு வேகமா ஓடுற மாதிரிக் கேக்குது, எங்கடை பெட்டியிலை ஆறுதலா இருக்கு. எது சரி? மூண்டாவது, "பிரெடேற்றர் படத்தை வைச்சுச் செய்த கேம் கொன்ட்ரா" எண்டு ஒரு அட்டை எழுதியிருக்கிறன், சரியோ?

செப்புக்கம்பி எழுதியது:

கறுப்புவெள்ளை வாறது நிறமுறையைப் பிழையாப் பிடிக்கிறதாலை. இஞ்சத்தைய ரீவி நிறமுறை பால் (PAL), சில பெட்டி என்ரிஎஸ்சி (NTSC) எண்ட மற்ற முறையைக் குடுக்கும். மலிவான மாத்துபெட்டியிலை உள்வருகையைக் கையாலை தெரிவு செய்யேலாது, அதிலை இருக்கிற சுவிச் 720, 1080 மாத்த மட்டும்தான். அதை விட்டுப்போட்டு நேரா ஏவி ஓட்டைக்குப் போங்கோ. ரீவி மெனுவிலை படத்துக்குக் கீழை நிறமுறை எண்டு இருக்கும், தானா எண்டதை விட்டு ஒவ்வொண்டா மாத்திப் பாருங்கோ.

வேகத்துக்கு ரெண்டும் சரி. ஜப்பான் பெட்டி செக்கனுக்கு 60 படம், பால் ரீவிக்கெண்டு செய்த பெட்டி 50. கேம் படத்தை எண்ணித்தான் நகருது, அதாலை ஆறிலை ஒரு பங்கு ஆறுதலா ஓடும். உங்கடை எது எண்டு அளக்கலாம். சூப்பர் மாரியோவிலை மேலை ஓடுற நேரம் 24 படத்துக்கு ஒண்டு குறையும். ஃபோனிலை நேரம் வைச்சு 400இலையிருந்து 300 வருமட்டும் அளவுங்கோ. 40 செக்கன் எண்டால் 60, 48 செக்கன் எண்டால் 50.

எமுலேற்றரிலையும் இஞ்சத்தைய வேகம் வேணுமெண்டால் பிரதேசம் எண்ட இடத்திலை "டென்டி" (ரஷ்யாவிலை வித்த இதே வகைப் பெட்டியின்ரை பேர்) எண்டு போடுங்கோ. பால் எண்டு போடவேண்டாம். ஐரோப்பாப் பெட்டியின்ரை சிப் 1.66 மெகாஹேர்ட்ஸ், அதிலை பாட்டின்ரை சுருதியும் இறங்கும். எங்கடை பெட்டி வகைக்கு 1.77, அசல் ஃபமிகொம் 1.79. டென்டியிலை வேகம் குறையும், சுருதி கிட்டத்தட்ட அசல் மாதிரியே நிக்கும். பழகின காதுக்கு அது உடனை பிடிபடும்.

கருவேப்பிலை எழுதியது:

கொன்ட்ரா அட்டையை மாத்துங்கோ. காசு போட்டு விளையாடுற பெரிய பெட்டியிலை கொன்ட்ரா 1987 பெப்ரவரியிலை வந்திட்டுது, படம் வந்தது அந்த வருசம் ஜூனிலை. படத்தை வைச்சுச் செய்திருக்கேலாது. மேலட்டைப் படம்தான் தொடர்பு. அதை வரைஞ்ச பொப் வேக்லின், ஆர்னோல்ட் அந்தப் படத்திலை துவக்கோடை நிக்கிற நிலையைப் பார்த்துத்தான் வரைஞ்சவர். ஐரோப்பாவிலை வீட்டுப் பெட்டிக்கு வந்தபோது மனிசரை எடுத்துப்போட்டு ரோபோக்களைப் போட்டு "ப்ரொபொடெக்டர்" எண்டு பேரையும் மாத்தினவை. எங்கடை கசெற்றுகளிலை மனிசர்தான்.

அதோடை கொன்ட்ராவிலை 30 உயிர் தாற பட்டன் வரிசையையும் ஒரு அட்டையிலை எழுதுங்கோ. அந்த வரிசை முதல்லை, கொன்ட்ராவைச் செய்த கொனாமி கொம்பனியின்ரை கஸுஹிசா ஹஷிமோட்டோ 1986இலை கிராடியஸ் எண்ட வேறை கேமைச் சோதிக்கத் தனக்கெண்டு போட்டது, எடுக்காமலே வெளியிலை வந்திட்டுது. 2012இலை வந்த டிஸ்னி படம் "ரெக்-இற் ரால்ஃப்"இலை அரசன் பூட்டுத் திறக்கிறதும் அதே வரிசையாலைதான்.

பெட்டி_ரீவி எழுதியது:

வரிசையை நான் எழுதிவிடுறன், அட்டையிலை அம்புக்குறி போட்டால் நல்லது. கொன்ட்ராத் தலைப்புத் திரையிலை: மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ, ஸ்டார்ட். ரெண்டு பேர் எண்டால் ஏக்குப் பிறகு செலக்ட் ஒருக்கால், பிறகு ஸ்டார்ட். ஜோய்ஸ்ரிக்கிலை மேல் வரிசையிலை இருக்கிற ரேபோ பட்டனை அமத்தக்கூடாது, ஒரு அமத்தல் பலதா எண்ணுப்பட்டு வரிசை குழம்பும். திசைப்பட்டனிலை பெருவிரலை உருட்டாமல் ஒவ்வொருக்காலும் தூக்கி வைக்கோணும். உருட்டினால் இடத்துக்கும் வலத்துக்கும் நடுவிலை மேல் அல்லது கீழ் ஒண்டு களவா ஏறிவிடும். சில கசெற்றிலை தொடக்கத்திலையே 30 உயிர் குடுத்து மாத்தி வைச்சிருக்கினம். அதாலை முதல்லை ஒண்டும் அமத்தாமல் தொடங்கி, எத்தினை உயிர் காட்டுது எண்டு பார்த்துப்போட்டு அட்டையை ஒட்டுங்கோ.